வில்பத்துக் காட்டின் வழியே ஒரு பயணமும் சில சிந்தனைகளும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படும் இரவு நேர பஸ் வண்டிகளுள் பல, புத்தளத்தைக் கடந்து அநுராதபுரம் வீதியில் விரைகின்றன. அவ்வேளையில் பயணிகளுள் பெரும்பாலானோர் உறக்கத்தில் இருப்பர். வழியில் இடப்புறமாக ஒரு கிளை வீதி பிரிந்து ஹுனுவிலகம என்னும் கிராமத்துக்குச் செல்வதை எவரும் கவனிப்பதில்லை. அந்த வீதியில் சில கிலோ மீற்றர் தூரம் சென்றால், இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்காவாகிய வில்பத்துவின் வாயிலை அடையலாம்.

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களுள் பலர் ஆபிரிக்கக் காடுகளுக்கும் அமெரிக்கப் பள்ளத்தாக்குகளுக்கும் சென்று வந்த படங்களை எனக்கு அனுப்பி வைப்பதுண்டு. விடுமுறையில் தாயகம் வரும்போது நல்லூரையும் கீரிமலையையும் நயினாதீவையும் தரிசித்துத் திரும்புகின்றார்கள். அவர்களிடம் வில்பத்துவைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "அங்கேதானே காடழிப்புப் பிரச்சினை?" என்றோ, "அங்கேதானே கண்ணிவெடி வெடித்தது?" என்றோ மறுமொழி வரும். தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை வில்பத்து என்பது ஓர் இடம் அன்று, செய்தித் தலைப்பு. இதற்குப் பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

வில்பத்துவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, உல்லாசப் பயணத்துறையினர் அச்சிடும் வண்ணப் படங்களில் காணப்படும் இயற்கை அழகு. மற்றையது, நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் அடிபடும் அரசியல். முதலாவதைப் பார்ப்பவர்கள் இரண்டாவதை விரும்புவதில்லை. இரண்டாவதைப் பேசுபவர்களுட் பெரும்பாலோர் அந்தக் காட்டினுள் காலடி வைத்ததேயில்லை. இரண்டையும் ஒருசேரப் பார்த்தாலன்றி இந்தக் காட்டைப் பற்றி நீதியான ஒரு முடிவுக்கு எவராலும் வர இயலாது என்பதே எனது கருத்து.

வில்லுகளின் பூமி

வில்பத்து கொழும்பிலிருந்து ஏறத்தாழ 180 கிலோ மீற்றர் வடக்கே, தீவின் வடமேற்குக் கரையோரமாக அமைந்துள்ளது. இதன் பரப்பு 1,317 சதுர கிலோ மீற்றர். தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் மேற்கே கடலும் இதன் எல்லைகள். 1905 ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பிரதேசம், 1938 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

இதன் பெயரே இதன் இயல்பைக் கூறிவிடுகின்றது. சிங்களத்தில் 'வில' என்றும் தமிழில் 'வில்லு' என்றும் வழங்குவது, மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான நீர்நிலை. 'பற்று' என்பது பழைய நிர்வாகப் பிரிவைக் குறிக்கும் சொல். மட்டக்களப்பு வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மண்முனைப் பற்றும் கோறளைப் பற்றும் இன்றும் அவர்களது பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களில் உள்ளன. வில்லுகள் நிறைந்த பற்று வில்பத்து ஆயிற்று.

இந்த வில்லுகள் மனிதர் கட்டிய குளங்கள் அல்ல. அணைக்கட்டோ மதகோ இவற்றுக்குக் கிடையாது. வெண்மணல் சூழ்ந்த பள்ளங்களில் மாரி மழை நிரம்பி, கோடை முழுவதும் சிறிது சிறிதாக வற்றிக்கொண்டிருக்கும். இவற்றின் தோற்றத்துக்கு நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல் கரைந்து மேற்பரப்பு தாழ்ந்தமையே காரணமாக இருக்கலாம் எனப் புவியியலாளர் கருதுகின்றனர். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் அதே மயோசின் காலச் சுண்ணாம்புப் படுகைதான் இங்கும் உள்ளது. நிலாவரைக் கிணற்றை அதிசயம் என்று கண்டு வியக்கும் யாழ்ப்பாணத்தவர், அதே கல் இங்கே காட்டின் நடுவில் செய்திருக்கும் வேலையையும் ஒருமுறை வந்து பார்க்கலாம். பெரும்பாலான வில்லுகளில் நன்னீரே உண்டு. கடலோரத்தை அண்மித்த ஓரிரண்டில் உவர்நீர் காணப்படுகின்றது. இத்தனை வில்லுகளும் சேர்ந்த சதுப்பு நிலத் தொகுதி 2013 ஆம் ஆண்டு றாம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஜீப் பாதையில்

அண்மையில் மீண்டும் ஒருமுறை வில்பத்து செல்லும் வாய்ப்புக் கிட்டியது. 1980களின் தொடக்கத்தில் இளம் நிருபராக ஒரு தடவை சென்றிருந்தேன். அக்காலத்தில் யாலையைக் காட்டிலும் வில்பத்துவுக்கே பெருமளவு மக்கள் சென்றனர். சிறுத்தையைக் காண வேண்டுமானால் வில்பத்துவுக்குச் செல் என்பது அன்றைய வழக்கு.

ஹுனுவிலகம வாயிலில் விடியற்காலை ஆறு மணிக்கு அனுமதிச்சீட்டுப் பெற்று ஜீப் வண்டியில் உட்புகுந்தால், முதலில் எதிர்கொள்வது அடர்ந்த காடு. இருமருங்கும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என வன்னி மக்களுக்கு நன்கு பழக்கமான மரங்கள். பாதை செம்மண் பாதை. மரக்கிளைகள் மேலே ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதால் காலை வெயில் துண்டு துண்டாகவே தரையில் விழுகின்றது. யாலையில் இருப்பதைப் போன்ற வெட்டவெளி இங்கே இல்லை. நெடுநேரம் எதுவுமே தென்படாமல் போகலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற காடு இதுவன்று.

அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு வில்லுகள். காட்டுப் பாதை வளைந்து திரும்பியதும் சற்றும் எதிர்பாராத நேரத்தில் காடு விலகுகின்றது. எதிரே பரந்த நீர்ப்பரப்பு. அதனைச் சுற்றிப் பசும்புல். அதற்கப்பால் மணல் விளிம்பு. அதன் பின்னே மீண்டும் சுவர் போல் காடு. நீர் விளிம்பில் புள்ளிமான் கூட்டம். ஆழமற்ற நீரில் சங்குவளை நாரைகள். கரையில் மரக்கட்டை போல் கிடக்கும் முதலை. தாமரையும் அல்லியும் மண்டிய மூலையில் எருமைகள். அடுத்த வில்லை அடைவதற்கு மீண்டும் இருண்ட காட்டினுள் செல்ல வேண்டும். இருளும் ஒளியும் மாறி மாறி வரும் இந்த அமைப்பே வில்பத்துவின் தனித்தன்மை. வேறெந்தத் தேசியப் பூங்காவிலும் நான் இதனைக் கண்டதில்லை.

மே மாதம் தொடங்கிப் பாலைப்பழம் பழுக்கும் பருவத்தில் செல்வோருக்குக் கரடியைக் காணும் வாய்ப்பு உண்டு. பாலைப்பழத்தின் சுவை வடக்கில் பிறந்த எவருக்கும் மறக்க இயலாதது. சந்தையில் ஓலைப் பெட்டிகளில் வைத்து விற்கப்பட்ட அந்தச் சிறு மஞ்சள் பழத்தை உண்டபின் உதடுகளில் ஒட்டிக்கொள்ளும் பாலும் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வில்பத்துக் கரடிக்கும் அதே பழத்தின் மீதுதான் மோகம். மரத்தின் மீதேறிக் கிளையை முறித்து, சுற்றுப்புறத்தையே மறந்து தின்றுகொண்டிருக்கும். எனக்கு அந்தக் காட்சி கிட்டவில்லை. முறிந்து கிடந்த கிளைகளை மட்டுமே கண்டேன்.

சிறுத்தையை மாலையில் கண்டோம். வில்லு ஒன்றின் மணற்கரையில், எவ்வித அவசரமுமின்றி நடந்து சென்றது. இந்தியக் காடுகளில் சிறுத்தை புலிக்கு அஞ்சி மறைந்து வாழ்கின்றது. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தையே காட்டின் அரசன். எனவேதான் இங்கு அது பகல் வெளிச்சத்திலும் வெளியே வருகின்றது. எங்களுடன் வந்த வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, "கொட்டியா, மாத்தையா" என்றார். சிங்களத்தில் சிறுத்தையைக் குறிப்பதும் அச்சொல்தான். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளைக் குறித்ததும் அச்சொல்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே காட்டில் ஒருவர் தாழ்ந்த குரலில் அச்சொல்லைக் கூறியிருந்தால், வண்டியில் இருந்தோர் புகைப்படக் கருவியைத் தேடியிருக்க மாட்டார்கள்.

பெயர்கள் கூறும் வரலாறு

தேசியப் பூங்கா என்றதும், மனிதர் காலடி படாத கன்னிக் காடு என்ற எண்ணம் பலருக்கும் உண்டாகின்றது. சுற்றுலா விளம்பரங்களும் அவ்வாறே கூறுகின்றன. வில்பத்துவைப் பொறுத்தவரை இது முற்றிலும் தவறானது. பூங்காவின் வரைபடத்தை விரித்துப் பெயர்களை வாசித்தாலே போதும். குதிரைமலை, பொன்பரப்பி, பூக்குளம், பள்ளக்கண்டல், காளிவில்லு, பணிக்கர் வில்லு. இவற்றினிடையே கும்புக்வில, நெலும்வில, தலவில, மரதன்மடுவ. காட்டுக்குப் பெயரிட மிருகங்களால் இயலாது. பெயர் உள்ள இடத்தில் ஒரு காலத்தில் மனிதர் இருந்திருக்கின்றார்கள். அவர்கள் தமிழும் பேசினார்கள், சிங்களமும் பேசினார்கள்.

பணிக்கர் என்போர் யானை பிடிப்பதில் வல்லவர்கள். அவர்களது பெயரால் ஒரு வில்லு விளங்குவது இக்காட்டின் பழைய யானை வணிகத்தை நினைவூட்டுகின்றது. காளிவில்லுக்கு அருகில் உள்ள கல் இடிபாடுகளைக் குவேனியின் மாளிகை என்று காட்டுகின்றார்கள். விஜயன் வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் தம்பபண்ணி இக்கரையோரமே என்பது பலரது நம்பிக்கை. குதிரைமலையின் செம்பு நிற மண்ணைப் பார்த்தால் அந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பது புரியும். தமிழர் மரபோ அதே குதிரைமலையை அல்லி அரசாணியோடு தொடர்புபடுத்துகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினி, பருவக்காற்றில் அகப்பட்டு இலங்கையின் 'ஹிப்புரோஸ்' என்னும் துறைமுகத்தை அடைந்த ஒருவரைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். அத்துறைமுகம் குதிரைமலையே என அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

குதிரைமலை முனையில் வண்டியை விட்டு இறங்க அனுமதி உண்டு. காட்டிலும் வில்லுகளிலும் மணிக்கணக்காகச் சென்ற கண்களுக்குத் திடீரென்று நீலக் கடல் தென்படுகின்றது. கீழே செம்மண் சரிவு. அதனை அலை அரித்துக்கொண்டிருக்கின்றது. எதிரே மன்னார் வளைகுடா. ஒரு காலத்தில் இக்கடலில் முத்துக் குளித்தார்கள். சற்று வடக்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புப் பருவத்தில் பல்லாயிரம் பேர் கூடும் தற்காலிக நகரமே எழுந்தது. பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் விளங்கிய லெனார்ட் வூல்ப், 1906 ஆம் ஆண்டு இளம் அதிகாரியாக அங்கு கடமையாற்றியவர்.

பொன்பரப்பி பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பூங்காவின் தென்பகுதியில் உள்ள இவ்விடத்தில் முதுமக்கள் தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. 1920களில் ஹோக்கார்ட் முதல் தடவை அகழ்ந்தார். 1970 ஆம் ஆண்டு விமலா பெக்லி தலைமையிலான குழு மீண்டும் ஆய்வு நடத்தியது. இறந்தோரின் எலும்புகளைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைக்கும் இவ்வழக்கம், கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூருடன் ஒப்பிடப்படுகின்றது. இதனைக் கேட்டதும் மார்தட்ட முற்படும் எம்மவருக்கும், இதனை மறைக்க முற்படும் மறுதரப்பினருக்கும் நான் கூறுவது ஒன்றே. அந்தத் தாழிகளில் உறங்குவோர் இன்றைய எந்த இனத்தின் அடையாள அட்டையையும் வைத்திருக்கவில்லை. இந்நிலம் ஆதியிலிருந்தே பல திசைகளிலிருந்தும் வந்தோர் கலந்து வாழ்ந்த நிலம் என்பதற்கே அவை சான்று.

போர் காட்டைக் காத்ததா?

முப்பது ஆண்டுப் போர் வடக்கு கிழக்கின் காடுகளைக் காப்பாற்றியது என்று கூறுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. சூழலியல் ஆர்வலர்கள் சிலரே இதனைச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். வில்பத்துவின் கதையை அறிந்தவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள்.

1985 ஆம் ஆண்டு மே மாதம் அநுராதபுரத்தில் நூற்றுக்கும் அதிகமான பொதுமக்களைக் கொன்ற விடுதலைப் புலிகள், திரும்பிச் செல்லும் வழியில் வில்பத்துவினுள் புகுந்து மேலும் 18 பேரைக் கொன்றார்கள். 1988 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட பூங்கா, சமாதான காலத்தில் 2003 ஆம் ஆண்டு மார்ச் மாதமே திறக்கப்பட்டது. அந்த அமைதியும் நீடிக்கவில்லை. 2006 ஆம் ஆண்டு மே மாதம் பூங்காவினுள் சென்ற வாகனம் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. அதில் உயிரிழந்தவர்களுள் ஒருவர் எழுத்தாளர் நிஹால் டி சில்வா. இராணுவ அதிகாரி ஒருவரும் விடுதலைப் புலிகள் இயக்கத்துப் பெண் ஒருவரும் இதே வில்பத்துக் காட்டின் வழியே ஒருவரையொருவர் நம்பி நடந்து செல்ல நேர்வதைக் கதையாகக் கொண்ட ஆங்கில நாவலை எழுதி, 2003 ஆம் ஆண்டின் கிரேஷன் விருதைப் பெற்றவர் அவர். பகைவர் இருவர் இக்காட்டில் மனிதராக மாறலாம் என்று எழுதியவரை அதே காடு காவு கொண்டது. காடு அன்று, போர் காவு கொண்டது.

பூங்கா மூடியிருந்த காலத்தில் காவலர்கள் உள்ளே செல்ல இயலவில்லை. ஆயுதம் தாங்கியோர் எத்தரப்பினராயினும் உணவுக்காக வேட்டையாடினார்கள். வேட்டைக்காரர்களும் மரம் கடத்துவோரும் காவலற்ற காட்டைப் பயன்படுத்திக்கொண்டனர். எஞ்சியது காடு என்றால், அது போரின் கொடையன்று. போரையும் மீறி நின்ற காட்டின் வலிமை. 2010 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது.

இரண்டு நீதிகள்

இனி, பலரும் பேசத் தயங்கும் விடயத்துக்கு வருகின்றேன்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் முசலிப் பிரதேசத்து முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். வில்பத்துவின் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ள மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலானவை அவர்களது ஊர்கள். அகதிகளாகப் புத்தளத்தை அடைந்தோர் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தனர். 1990களில் அந்த முகாம்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற வேளைகளில், அங்கிருந்த முதியவர்கள் தங்கள் ஊரின் கிணற்றையும் பள்ளிவாசலையும் பற்றியே மீண்டும் மீண்டும் பேசியதைக் கேட்டிருக்கின்றேன். அது எம்மினத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி. இதனைத் தமிழில் எழுதுவதற்குத் தமிழ்ப் பத்திரிகையாளன் தயங்கக்கூடாது.

2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் அவர்கள் திரும்பினார்கள். இருபது ஆண்டுகளாக ஆளில்லாத ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. அக்காணிகளுட் சில, 2012 ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டன. மக்கள் அகதி முகாமில் இருக்கும்போதே அவர்களது ஊர் காடாகிவிட்டது. 2017 ஆம் ஆண்டு மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரஷ்யாவுக்குச் சென்றிருந்த வேளையில் அங்கிருந்தவாறே 'மாவில்லு' பாதுகாக்கப்பட்ட வனம் பற்றிய வர்த்தமானியில் கையொப்பமிட்டார். மொஸ்கோவில் இருந்துகொண்டு முசலியின் எல்லைகளை வரையலாம். அவ்வாறு வரைந்த எல்லைக்குள் யாருடைய வீட்டு அத்திவாரம் கிடக்கின்றது என்பதை அறிய இயலாது.

இது கதையின் ஒரு பாதி மட்டுமே. மீள்குடியேற்றம் என்ற பெயரில் பாரம்பரிய ஊர் எல்லைகளையும் தாண்டிக் கல்லாறு ஒதுக்கக் காட்டில் மரங்கள் வெட்டப்பட்டன. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனைச் சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்து, காட்டை மீள உருவாக்குமாறு உத்தரவிட்டது. இது தேசியப் பூங்காவின் சட்ட எல்லைக்கு வெளியே உள்ள காடு, ஆகவே வில்பத்து அழியவில்லை என்று வாதிட்டோர் உண்டு. சட்டப்படி அது சரி. ஆனால் யானை வர்த்தமானி வாசிப்பதில்லை. மோதரகம் ஆற்றின் இருகரையும் அதற்கு ஒரே காடுதான். மறுபுறத்தில், பாரம்பரிய ஊருக்குத் திரும்பியவனையும் காடழித்தவனையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒரு சமூகம் முழுவதையும் காட்டின் பகைவராகச் சித்திரித்தோரின் நோக்கம் மரங்களைக் காப்பதன்று என்பதும் வெளிப்படை.

அவ்வாறு கூக்குரலிட்டோர் முள்ளிக்குளம் பற்றி வாய் திறந்ததில்லை. பூங்காவின் வடமேற்கு எல்லையில் உள்ள இந்தத் தமிழ்க் கத்தோலிக்க மீனவக் கிராமத்து மக்கள் 2007 ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்டனர். அங்கு கடற்படைத் தளம் எழுந்தது. அண்டைக் காடுகளில் கொட்டில் அமைத்து வாழ்ந்த அம்மக்கள் 2017 ஆம் ஆண்டு ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொடர் போராட்டம் நடத்திய பின்னரே, ஒரு பகுதிக் காணியை விடுவிப்பதற்கு இணக்கம் தெரிவிக்கப்பட்டது. காட்டின் ஓரத்தில் குடிசை அமைப்பது சூழல் குற்றம் என்றால், முகாம் அமைப்பது என்ன?

மக்களுக்கு நீதி, காட்டுக்கு நீதி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எவரும் கூறினால் நம்பாதீர்கள். 1990 ஆம் ஆண்டுக்கு முன்னர் யாருடைய ஊர் எதுவரை இருந்தது என்பதைப் பழைய உறுதிகளையும் நில அளவைப் படங்களையும் விமானப் படங்களையும் கொண்டு தீர்மானிக்கலாம். அந்த எல்லைக்குள் உரியவர் குடியேறட்டும். அந்த எல்லைக்கு வெளியே வெட்டப்பட்ட காடு மீள வளரட்டும். இதற்கு வேண்டியது விஞ்ஞானமும் நேர்மையும். மேடைப் பேச்சு அன்று.

பாதையும் பயணிகளும்

எழுவன்குளத்திலிருந்து பூங்காவை ஊடறுத்து மரிச்சுக்கட்டி செல்லும் பழைய புத்தளம் மன்னார் வீதி பற்றியும் கூற வேண்டும். 2010 ஆம் ஆண்டு அது மக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவ்வீதி இல்லையேல் புத்தளத்திலிருந்து மன்னார் செல்வோர் அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் செல்லும் ஏழைகளுக்கு இது சிறிய சுமையன்று. ஆயினும், வேகமாக ஓடும் பஸ்ஸும் லொறியும் தேசியப் பூங்காவின் நடுவே செல்வதை நான் ஆதரிக்கவில்லை. மானுக்கும் கரடிக்கும் தப்பிச் செல்ல வேறு காடு கிடையாது. எமக்குச் சுற்றுப் பாதையேனும் உண்டு. காட்டைக் காப்பதற்கான விலையை அந்த மக்கள் மட்டும் செலுத்த வேண்டும் என்பது நியாயமன்று. சுற்றுப் பாதையில் அரசு மலிவான நேரடி பஸ் சேவையை நடத்தலாம். பூங்காவின் வருமானத்தில் ஒரு பகுதியை முசலியின் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஒதுக்கலாம். அப்போது காடு அவர்களுக்கும் உரித்தாகும்.

உல்லாசப் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. சிறுத்தையைக் கண்டதும் ஒரு சாரதி மற்றவருக்குக் கைத்தொலைபேசியில் அறிவிப்பதும், சில நிமிடங்களில் வண்டிகள் புழுதி கிளப்பி வந்து குவிவதும் யாலையில் நாம் கண்ட அவலம். வில்பத்துவிலும் அதன் தொடக்கம் தென்படுகின்றது. நாங்கள் கண்ட சிறுத்தையும் நான்காவது வண்டி வந்ததும் புதருக்குள் மறைந்தது. ஒரு நாளில் உட்செல்லும் வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கண்டிப்பான வரையறை வேண்டும். பயணிகளும் சிறுத்தையைக் காட்டு என்று சாரதியை நெருக்குவதைக் கைவிட வேண்டும். ஒரு வில்லின் கரையில் வண்டியின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அமைதியாக இருப்பவருக்குக் காடு தானாகவே தன்னைக் காட்டும்.

எனக்குள்ள மற்றொரு குறை, அன்று முழுவதும் அந்தக் காட்டில் தமிழ்க் குரலை எங்கள் வண்டிக்கு வெளியே நான் கேட்கவில்லை என்பது. எமது வடக்குப் பாடசாலைகளின் சுற்றுலாவென்றால் சீகிரியா, கண்டி, நுவரெலியா, தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்ற ஒழுங்கு மாறுவதில்லை. கூண்டில் அடைபட்ட சிறுத்தையைக் காட்டுவதற்குக் கொழும்பு வரை பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், வழியிலேயே சுதந்திரமாக உலவும் சிறுத்தையை விட்டுவிட்டுச் செல்கின்றனர். வவுனியாவிலும் மன்னாரிலும் இருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தூரமே இது. தமிழில் விளக்கமளிக்கக்கூடிய வழிகாட்டிகளை வனஜீவராசிகள் திணைக்களம் பயிற்றுவிக்க வேண்டும். முசலி இளைஞர்களுக்கும் முள்ளிக்குளத்து இளைஞர்களுக்கும் இதில் முன்னுரிமை அளித்தால், காட்டுக்கும் காவலர் கிடைப்பர். அவர்களுக்கும் தொழில் கிடைக்கும். பள்ளக்கண்டல் அந்தோனியார் திருவிழாவுக்குக் காட்டினுள் ஆண்டுதோறும் சென்று திரும்பும் கத்தோலிக்க மக்கள் இக்காட்டின் பாதைகளை எந்தப் பாடநூலையும் விட நன்கறிவர்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை தாயகம் வரும்போது உங்கள் பயணத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வில்லையும் குதிரைமலையையும் காட்டுங்கள். இம்மண்ணில் தமிழும் சிங்களமும் பக்கத்துப் பக்கத்தில் பெயரிட்டு வைத்திருக்கும் இடங்களை வாசித்துக் காட்டுங்கள். இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் கதையையும் ஒளிக்காமல் கூறுங்கள். அழகை மட்டும் பார்த்துவிட்டு வருவோருக்குக் காடு ஒரு படம். அரசியலை மட்டும் பேசுவோருக்கு அது ஓர் ஆயுதம். அதனுள் வாழும் உயிர்களுக்கும் அதன் ஓரத்தில் வாழும் மனிதர்களுக்கும் அதுவே வீடு. அந்த வீட்டைக் காக்கும் பொறுப்பில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கேட்டுப் பெறுவதற்கு முதலில் அதை ஒரு தடவையாவது சென்று பார்க்க வேண்டும்.